கோடியக்கரைக்கு 42 பிள்ளைகள், ஒரு பஸ்: பூநாரை பார்க்க வழி சொல்லுங்கள்

மழைக்காகிதம்
டிசம்பர் 11, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பசுமை மன்றமும் என் பொறுப்புதான். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கோடியக்கரைக்கு அழைத்துப்போகலாம் என்று தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டுவிட்டார். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் 42 பேர். ஆசிரியர்கள் நான்கு பேர். எங்களிடம் மூன்று பைனாகுலர் இருக்கிறது, அதில் ஒன்று ஒரு கண்ணில்தான் தெரியும்.

இதில் பாதிப் பிள்ளைகள் வேளாங்கண்ணிக்குப் போனபோது மட்டும்தான் கடலைப் பார்த்திருக்கிறார்கள். பூநாரை (ஃபிளமிங்கோ) என்றதும் வகுப்புச் சுவர் முழுக்க ரோஸ் கலரில் வரைந்து ஒட்டிவிட்டார்கள். அங்கே போய்ப் பார்க்க முடியாமல் திரும்பிவிடுவோமோ என்பதுதான் என் பயம். எத்தனை மணிக்குப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும், பூநாரை நிச்சயமாக இருக்குமா? போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கோடியக்காட்டான்
டிசம்பர் 11, இரவு 10.05

டீச்சர், நல்லா வாங்க. எனக்குச் சொந்த ஊரே கோடியக்காடு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கோடியக்கரை என்று வருகிறவர்கள் இரண்டு இடத்தை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்று சரணாலயம், 1967-ல் அறிவித்தது. காடும் புல்வெளியுமான இடம். வெளிமான், புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் மட்டக்குதிரை எல்லாம் அங்கே. இன்னொன்று மேற்கே முத்துப்பேட்டை வரை விரிந்து கிடக்கும் சதுப்பும் உப்பளமும். பூநாரை இந்த இரண்டாவது இடத்துப் பறவை. காட்டுக்குள் சுற்றிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்பிப்போன பஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலை 6 மணிக்குச் சோதனைச் சாவடி திறக்கும், மாலை 6-க்குள் வெளியே வந்துவிட வேண்டும். பிள்ளைகளோடு வருவதை முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். காவலர் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள்.

நிச்சயமாக இருக்குமா என்று கேட்டீர்கள். மழையைப் பொறுத்தது. ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்துப் பெய்து சதுப்பில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றால் கூட்டம் சிதறிப் போயிருக்கும். தண்ணீர் வடிய வடியத்தான் ஒன்று சேரும். இங்கே கடல் ஏற்றவற்றம் பெரிதாக இருக்காது. காற்றுதான் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். நேற்று கணுக்கால் தண்ணீர் நின்ற இடம் இன்று வெறும் சேறாகக் கிடக்கும். அதனால் எங்கே நிற்க வேண்டும் என்று இன்றைக்கே சொல்ல முடியாது. வருவதற்கு முதல் நாள் எனக்கு எழுதுங்கள், உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். எந்தப் பாத்திப் பக்கம் பறவை மேய்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது.

சக்கரம்77
டிசம்பர் 12, காலை 6.50

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். பெரிய பஸ் என்றால் மூன்று மணி நேரம் வையுங்கள். விடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமானால் மூன்று மணிக்கே வண்டியை எடுக்க வேண்டும். பஸ்ஸைத் தார் ரோட்டை விட்டு இறக்கவே இறக்காதீர்கள். மேலே காய்ந்த மண்போலத் தெரியும், உள்ளே களி. டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டியிருக்கும். கழிப்பறைக்கு வேதாரண்யத்திலேயே நிறுத்திவிடுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. சதுப்பில் ஒரு புதர் மறைவுகூடக் கிடையாது.

உள்ளான்பித்தன்
டிசம்பர் 12, மதியம் 1.30

டீச்சர், 42 பேரை ஒன்றாகச் சதுப்புக்கு இறக்காதீர்கள். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன் என்று தெரியும், ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம்.

பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒரு குழு சதுப்பில் இருக்கும்போது ஒரு குழு காட்டில் இருக்கட்டும், இன்னொன்று கடற்கரையில் மீன் இறங்கும் இடத்தில் கடற்காகங்களையும் ஆலாக்களையும் பார்க்கட்டும். சதுப்பில் நடக்கும்போது வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக. கை நீட்டிக் காட்டக் கூடாது. பறவை தலை கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தால் நீங்கள் நிற்கும் தூரம் சரி. நாலைந்து பறவை கழுத்தை நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

பூநாரையை மட்டும் நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்பது இன்னொன்று. அந்தச் சேற்றில் எலிக்குஞ்சு போல ஓடிக்கொண்டிருக்கும் கொசு உள்ளானைக் காட்டுங்கள். பல வருடங்களுக்கு முன் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் போடும் முகாமில் தன்னார்வலராக இருந்தேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறது. ஒரு விடியற்காலையில் வலையிலிருந்து எடுத்த கொசு உள்ளானை என் கையில் கொடுத்தார்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கையில் உடம்பு. எடை முப்பது கிராம்கூட இல்லை, ஒரு எலுமிச்சம்பழம் அதைவிடக் கனக்கும். இதயம் துடிப்பது தனித்தனி அடியாகத் தெரியவில்லை, கைக்குள் ஒரு அதிர்வாகத்தான் தெரிந்தது. காலில் அலுமினிய வளையத்தை மாட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு, விரலைத் திறந்தோம். ஒரு விநாடி அப்படியே இருந்துவிட்டுப் பறந்தது. அது முட்டை பொரிந்து வந்தது சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் கரைப் பக்கம்.

அந்த வளையத்தில், கண்டெடுத்தால் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்று பொறித்திருக்கும். பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர் வயலில்கூட ஒருநாள் கிடைக்கலாம்.

லென்ஸ்_ராஜா
டிசம்பர் 12, இரவு 8.15

உள்ளான்பித்தன் அண்ணா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பக்கத்திலிருந்தும் யோசித்துப் பாருங்கள். பெரும் பூநாரை தரையில் நிற்கும்போது தூரத்தில் வெள்ளைக் கொக்குக் கூட்டம் போலத்தான் இருக்கும். அதன் சிவப்பு முழுவதும் சிறகுக்கு உள்ளே. பறந்தால்தான் அந்தக் குங்குமமும் ஓரத்துக் கறுப்பும் தெரியும். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த பிள்ளை அதைப் பார்க்காமலே போகலாமா? கொஞ்சம் கிட்டே போய் ஒரு தடவை கைதட்டினால் கூட்டம் எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கிவிடும். நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். அந்த ஒரு காட்சிதான் என் கையில் கேமராவைக் கொடுத்தது. மனதாரச் சொல்கிறேன்.

உள்ளான்பித்தன்
டிசம்பர் 12, இரவு 9.40

தம்பி, நீங்கள் சொல்லும் அழகை நான் மறுக்கவில்லை. அது எதற்கு மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

பூநாரை சாப்பிடுவதைக் கவனித்திருப்பீர்கள். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் பம்பு அடிப்பதுபோலத் தண்ணீரை உறிஞ்சி, அலகின் ஓரத்திலுள்ள சல்லடையில் சின்ன இறாலையும் பாசியையும் பிடித்துக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளும். துளித்துளியாகச் சேர்க்கும் சாப்பாடு அது. நாளில் பெரும்பங்கு நேரம் அதற்கே போய்விடும். அந்தக் கனமான உடம்பு எழும்ப வேண்டுமென்றால் தண்ணீர்மேல் ஓடி ஓடித்தான் எழும்ப வேண்டும். நீங்கள் ஒரு தடவை கைதட்டுகிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் தட்டியிருப்பார், பின்னால் வருபவர் தட்டுவார், பொங்கல் விடுமுறையில் பத்து வண்டி வரும். பறவை மொத்தக் கணக்கையும் சுமக்கிறது.

அப்புறம், பூநாரை எழும்பினால் அது மட்டும் எழும்பாது. பக்கத்தில் மேய்கிற உள்ளான் கூட்டமும் சேர்ந்து எழும்பும். மார்ச் ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மைல் பறக்கக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை அது.

வங்காலைக்காரி
டிசம்பர் 13, காலை 7.10

நான் இலங்கை மன்னாரிலை இருந்து எழுதுறன். உங்கட கதையை வாசிக்க எங்கட ஊர்க் கதை மாதிரியே இருக்குது. வங்காலைச் சரணாலயம் 2010-இலை ராம்சார் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, வந்தது. ஒவ்வொரு வருசமும் மாரி முடிய பூநாரையள் வந்து நிக்கும், வாகனங்களும் வந்து நிக்கும். மன்னார் வீதியில் இருந்தே பார்க்கலாம். வாகனத்துக்குள்ளை இருந்து பார்த்தால் பறவைகள் அசையாது, கதவைத் திறந்து இறங்கினால் அரக்கத் தொடங்கும். ரீச்சர், பஸ்ஸே உங்களுக்கு நல்ல மறைப்பு. அதை மறக்காதேங்கோ.

இன்னொன்று. கோடியக்கரையில் இருந்து காங்கேசன்துறைக்கு நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர்தான். ஆறுமணிக்குருவி இருக்குதெல்லே, வடக்கே இருந்து இறங்கி வந்து புரட்டாதி ஐப்பசியில் உங்கட காட்டிலை தங்கி இளைப்பாறிப்போட்டு, இரவோடு இரவாக் கடலைத் தாண்டி எங்களிட்டை வரும். விடியக் காலமை எங்கட கிணத்தடியிலை களைச்சுப்போய் நிக்கும். பிள்ளையளுக்கு இதையும் சொல்லுங்கோ.

மழைக்காகிதம்
டிசம்பர் 13, இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. நான்கு குழுவாகப் பிரித்துவிட்டேன். ஒரு முன்னாள் மாணவர் ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்று கடன் தருகிறார். போய்வந்து எழுதுகிறேன்.

மழைக்காகிதம்
ஜனவரி 21, இரவு 10.45

போய்வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, திருத்துறைப்பூண்டியில் டீ குடித்து, அகத்தியம்பள்ளி தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இங்கேதான் என்று சொல்ல வாயெடுத்தேன், ஒரு பையன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடந்ததும் பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கோடியக்காட்டான் அண்ணா சொல்லிவைத்திருந்த அக்கா ஒருவர் உப்பளக் கரையில் காத்திருந்தார். காவலரும் அவரும் முன்னால் நடக்க, முதல் குழுவும் இரண்டாம் குழுவும், மொத்தம் 21 பேர், ஒருவர் பின் ஒருவராகக் கரைமேல் போனோம். கொஞ்ச தூரத்தில் அக்கா கையைக் கீழே காட்டினார். எல்லோரும் உட்கார்ந்தோம். எதிரே தண்ணீர்மேல் வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. "டீச்சர், வெள்ளையா இருக்கே" என்று காதோரம் ஒரு குரல். நான் பயந்த ஏமாற்றம் அந்தக் குரலில் இருந்தது.

அவர்களைச் சும்மா உட்காரச் சொன்னேன். பத்து நிமிடம், கால் மணி நேரம். காற்று திரும்பும்போது வாத்துக் கூட்டம் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து வந்து போனது. ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் ஸ்கோப்பில் கண் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பறவை ஒரு காலையும் அதே பக்கத்துச் சிறகையும் பின்னால் நீட்டிச் சோம்பல் முறித்தது. சிறகு விசிறி மாதிரி விரிந்து, உள்ளே இருந்த சிவப்பு முழுவதும் வெளியே வந்து, மெதுவாக மூடிக்கொண்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கோப்பின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்தவளுக்கு இடம் விடச் சொல்லித் தோளைத் தொட வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொருவரும் எந்தப் பறவை முறிக்கும் என்று காத்திருந்து பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் ஒன்பது பிள்ளைகள் சிவப்பைப் பார்த்தார்கள். எண்ணினேன்.

இனி எழுதக் கஷ்டமானது. நாங்கள் எழுந்து திரும்பும் நேரம், எங்களோடு வந்த பெரியவர்களில் ஒருவர் கரையை விட்டு இறங்கி, கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார். கழுத்துகள் நிமிர்ந்தன. நான் பார்த்தேன், என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், கத்திக் கூப்பிட்டால் இன்னும் கெடுமோ என்று ஒரு நொடி தயங்கிவிட்டேன். அவர் கைதட்டினார்.

கூட்டம் முழுவதும் எழும்பியது. லென்ஸ்_ராஜா தம்பி சொன்னது அவ்வளவும் உண்மை. வானத்தில் ஒரு சிவப்புப் பட்டை நெளிந்து போனது. பிள்ளைகள் கூவினார்கள், எனக்கும் மூச்சு நின்றது. ஆனால் அது சுற்றி வந்து இறங்கவில்லை. மேற்கே போய்க்கொண்டே இருந்தது, ஸ்கோப்பிலும் புள்ளியாகிப் போனது.

காட்டிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் மற்ற 21 பிள்ளைகள் வந்தபோது எதிரே வெறும் தண்ணீர். சுவரில் முதல் படம் ஒட்டிய பையன் அந்தக் குழுவில்தான் இருந்தான். என்ன நடந்தது என்று அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பெரியவரும் கூடவே நின்று, தப்பு என்னுடையது என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

காவலர் என்ன நினைத்தாரோ, கரையோரம் தண்ணீர் வற்றிய ஓர் இடத்துக்கு அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார். மேலே உப்பு அப்பளம் மாதிரிப் பொரிந்து கிடந்தது, மிதித்தால் நொறுங்கியது. சேற்றில் வட்டம் வட்டமாகக் குழி, நடுவில் மட்டும் மேடு, கல்யாண வீட்டு வடை மாதிரி. பூநாரை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் காலால் மிதித்துச் சேற்றைக் கலக்கி, கலங்கி வருவதைச் சாப்பிட்ட தடம் அது. ஒரு வட்டத்தின் ஓரத்தில் கால்தடம் அச்சு எடுத்ததுபோல இருந்தது. மூன்று விரல், நடுவே சவ்வு மடிப்புவரை தெரிந்தது. பிள்ளைகள் ஸ்கேலை எடுத்து அளந்தார்கள், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் கயிறு பிடித்தார்கள். ஒரு சிவப்பு இறகு சேற்றில் செருகி நின்றது. எடுக்கலாமா என்று கேட்டார்கள், காவலர் அங்கேயே இருக்கட்டும் என்றார். 21 பேரும் அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து வரைந்தார்கள்.

பார்த்தவர்கள் படத்தைவிட இவர்கள் படம் நுணுக்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பையன் பஸ்ஸில் என்னோடு பேசவில்லை.

லென்ஸ்_ராஜா
ஜனவரி 21, இரவு 11.30

டீச்சர், இரண்டு முறை படித்தேன். கைதட்டினால் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிடும் என்று எழுதியது நான்தான். நான் பார்த்த அன்று எனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை, அதனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அந்த 21 பிள்ளைகளுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், என் செலவில் ஒரு வேன் எடுத்துத் தருகிறேன். ஸ்கோப்பும் என்னிடம் இருக்கிறது. சிறகு முறிக்கும் காட்சியை நான் இதுவரை ஒரு தடவைகூடப் பொறுமையாக உட்கார்ந்து எடுத்ததில்லை.

கோடியக்காட்டான்
ஜனவரி 22, காலை 6.20

டீச்சர், அந்த அக்கா பிள்ளைகளைப் பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். கரைமேல் வரிசையாக உட்கார்ந்த பள்ளிக்கூடத்தை முதன்முதலாகப் பார்த்தேன் என்றார்.

காட்டுக்குப் போன குழு வெளிமான் பார்த்ததா? ராமர் பாதத்துப் பக்கம் ஏறி நின்றால் முன்பெல்லாம் திறந்த புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். இப்போது சீமைக் கருவேலம் உள்ளே வந்து வந்து புல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. வெளிமானுக்கு ஓட வெளி வேண்டும், பேரிலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். விடிந்து பார்த்தால் காட்டில் ஒரு இலை இல்லை, பாலை மரமெல்லாம் எரிந்த மாதிரி நின்றது. மான்கள் எத்தனையோ செத்து, உடல்கள் காரைக்கால் பக்கம்வரை கரை ஒதுங்கின. மறு வருடம் பாலை துளிர்த்ததைப் பார்த்து எங்கள் தெருவில் அழுதவர்கள் உண்டு. அந்த மரத்துப் பழத்தைத் தின்று வளர்ந்த ஊர் இது.

இங்கே குழகர் கோயில் இருக்கிறது. சுந்தரர் வந்து, கடற்காற்று இப்படி அடிக்கிற கரையில், பக்கத்தில் குடியே இல்லாமல், யார் துணையென்று தனியாக இருக்கிறீர் என்று சாமியைக் கேட்டுப் பாடிய இடம். சின்ன வயதில் எங்கள் தாத்தா அதற்கு, பறவைதான் துணை என்பார். அடுத்த முறை வந்தால் பிள்ளைகளை அங்கேயும் கூட்டி வாருங்கள்.

மழைக்காகிதம்
ஜனவரி 22, இரவு 8.50

அண்ணா, காட்டுக் குழு ஒரு கறுத்த ஆண் வெளிமானையும் ஆறேழு பெண் மான்களையும் பார்த்தது. முறுக்குக் கொம்பை எல்லோரும் வரைந்திருக்கிறார்கள்.

உள்ளான்பித்தன் ஐயாவிடம் ஒரு கேள்வி. பேசாமல் வந்த அந்தப் பையன் இன்று நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். பழுப்பு நிறம், கோழி அளவு, கதிர் அரிவாள் மாதிரிக் கீழே வளைந்த நீண்ட அலகு. சேற்றில் அலகை அடிவரை செருகி நண்டை இழுத்ததாம். யாருக்கும் சொல்லாமல் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இது என்ன பறவை?

உள்ளான்பித்தன்
ஜனவரி 22, இரவு 9.30

தலையில் கண்ணுக்கு மேலே கறுப்புக் கோடு இருந்ததா என்று கேளுங்கள். அலகின் நீளம் தலையைப்போல எத்தனை மடங்கு என்றும் கேளுங்கள்.

மழைக்காகிதம்
ஜனவரி 23, மாலை 5.15

கோடு இல்லையாம். மூன்று மடங்கு இருக்கும் என்கிறான். உறுதியாகச் சொல்கிறான்.

உள்ளான்பித்தன்
ஜனவரி 23, மாலை 6.00

அப்படியானால் பெரிய கோட்டான், குதிரைமலைக் கோட்டான் என்றும் சொல்வார்கள். உலக அளவில் குறைந்துகொண்டே வரும் பறவை. நாள், நேரம், இடம் போட்டு அவனையே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மார்ச் கடைசியில் வளைமூக்கு உள்ளான்கள் ஊருக்குக் கிளம்பும் முன் நிறம் மாற ஆரம்பிக்கும். இப்போது சாம்பலாக இருக்கும் நெஞ்சும் வயிறும் செங்கல் சிவப்பாகும். சிறகுக்குள் இருக்காது அந்தச் சிவப்பு, நின்ற இடத்திலேயே தெரியும். ஒரே கூட்டத்தில் பாதி சாம்பல், பாதி சிவப்பாக நிற்பதைப் பார்க்கலாம்.

மழைக்காகிதம்
ஜனவரி 23, இரவு 9.10

சொன்னேன். எந்த ஞாயிறு என்று கேட்கிறான். மார்ச் கடைசி ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாமா? இந்த முறை 12 பேர். பூநாரை பார்க்காதவர்களுக்கு முதல் இடம். லென்ஸ்_ராஜா தம்பி, வேன் உங்கள் பொறுப்பு. கோடியக்காட்டான் அண்ணா, அக்காவிடம் சொல்லிவையுங்கள்.